பட்டினி கிடந்தும் எடை குறையாதது ஏன்?

உடல் பருத்துவிட்டது என்ற கவலை பிறந்ததும் நம் இல்லங்களில் முதலில் நிறுத்தப்படுவது காலை உணவு. அடுத்து இரவுச் சோறு. முதல் பத்து நாட்களில் இரண்டு, மூன்று கிலோ குறையவும் செய்கிறது. பின்னர் எடை பார்க்கும் கருவியின் முள் அசைய மறுக்கிறது.

தொடக்கத்தில் குறைவது பெரும்பாலும் கொழுப்பன்று. ஈரலும் தசைகளும் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து முதலில் கரைகிறது. அதன் ஒவ்வொரு கிராமுடனும் சுமார் மூன்று கிராம் நீர் பிணைந்திருப்பதால் அந்த நீரும் வெளியேறுகிறது. இதைக் கண்டு மகிழ்ந்துவிடலாகாது.

நாம் அசையாது படுத்திருந்தாலும் இதயம் துடிக்கிறது. மூளையும் ஈரலும் சிறுநீரகமும் உழைக்கின்றன. அதிகம் உழைக்காத ஒருவர் நாள்தோறும் செலவிடும் கலோரியில் ஏறத்தாழ 60 முதல் 70 சதவீதம் இதற்கே போய்விடுகிறது. இதனையே அடிப்படை வளர்சிதை மாற்றம் என்கின்றனர். வரவு குறைந்ததும் உடல் இந்தச் செலவையும் சுருக்கிக்கொள்கிறது.

இதனை நுணுக்கமாக ஆராய்ந்தவர் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன்செல் கீஸ். இரண்டாம் உலகப் போரின்போது, 1944 நவம்பரில், போரில் ஆயுதமேந்த மனச்சாட்சி இடந்தராத 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து அவரது சோதனைக்கு உடன்பட்டனர். முதல் 12 வாரங்கள் அவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 3,200 கலோரி உணவு கிடைத்தது. அடுத்த 24 வாரங்கள் அதில் பாதியே தரப்பட்டது. உருளைக்கிழங்கு, கோசுக்கிழங்கு வகைகள், ரொட்டி, மக்ரோனி ஆகியவையே உணவு. வாரந்தோறும் 22 மைல் நடக்கவும் வேண்டும்.

அவர்கள் தம் எடையில் நான்கில் ஒரு பங்கை இழந்தனர். ஆனால் அடிப்படை வளர்சிதை மாற்றமோ சுமார் 40 சதவீதம் வீழ்ந்தது! நாடித்துடிப்பு தளர்ந்தது; எப்போதும் குளிர் வாட்டியது. நாளெல்லாம் உணவே நினைவாயிற்று. சமையல் நூல்களைத் தேடிச் சேர்த்தவர்களும், தட்டை நக்கியவர்களும் உண்டு. (அவர்களில் பருமனானவர் ஒருவருமில்லை என்பதையும் நினைவிற் கொள்க.) சோதனை முடிந்து வயிறார உண்டபோது கொழுப்பே விரைந்து திரும்பியது, இழந்த தசை மெதுவாகவே மீண்டது.

2016ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வும் இதற்கு அரணாகிறது. எடை குறைக்கும் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் பங்கேற்ற 14 பேரைக் கெவின் ஹால் குழுவினர் ஆறாண்டுகளுக்குப் பின் பரிசோதித்தனர். சராசரியாக 58 கிலோ இழந்திருந்த அவர்கள் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தனர். ஆனாலும் அவர்களது உடல், அந்த எடைக்கும் வயதுக்கும் உரியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவிட்டது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைந்துவிடுவதால் பசியும் மிகுகிறது. இத்தகையோரைச் சோம்பேறிகள் என்று ஏசுவது நியாயமாகுமா?

முப்பது வயதைக் கடந்தாலே வளர்சிதை மாற்றம் மந்தமாகிவிடும் என்பர். அதுவும் சரியன்று. 6,400க்கும் மேற்பட்டோரிடம் நடந்த 2021ஆம் ஆண்டு ஆய்வின்படி, உடலளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால், 20 வயது முதல் 60 வயது வரை அது பெரிதும் மாறுவதில்லை.

அவ்வாறாயின் குறைக்கும் வழி யாது? அவசரமின்றிக் குறைப்பதே. சோற்றைச் சிறிது குறைத்து, பருப்பு, மீன், முட்டை ஆகியவற்றைச் சற்றுக் கூட்டினால் பசி அடங்கும், தசையும் காக்கப்படும். எண்ணெயில் கண் வையுங்கள் சகோதரிகளே! ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது. அரைமணி நேர விரைவு நடையில் செலவாவதும் ஏறத்தாழ அவ்வளவே. ரமலானில் பகல் முழுதும் நோன்பிருந்தும் பலருக்குச் சராசரியாக ஒரு கிலோ அளவே குறைவதும், அதுவும் சில வாரங்களில் திரும்பிவிடுவதும் ஏன் என்பது இப்போது விளங்கும். சமோசாவும் வடையும் இல்லாத இஃப்தார் நம்மிடையே ஏது?

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்வோர் எடைக்காக வேளை உணவைத் தாமாகவே நிறுத்துதல் கூடாது. இரத்தச் சர்க்கரை திடீரெனச் சரிந்து மயக்கம் நேரலாம். மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என மருத்துவரிடம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.