கிரகணம் முடிந்த பிறகுதான் கூட்டம்

2010 ஜனவரி 15. முதல் நாள் பொங்கல். அன்றைக்குத் தை அமாவாசை. சாதாரண ஆண்டிலேயே ராமேசுவரம் அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடமிருக்காது. அந்த ஆண்டு வளைய சூரிய கிரகணமும் சேர்ந்துகொண்டது. தர்ப்பணம் கொடுத்துவிட்டுக் கிரகணத்துக்கு இன்னொரு முழுக்குப் போட வந்தவர்கள் ஒரு பக்கம், தொலைநோக்கியும் கேமராவுமாகத் தனுஷ்கோடிக்குக் கிளம்பியவர்கள் இன்னொரு பக்கம். இரு சாராருக்கும் தீவுக்குள் வர, வெளியே போக ஒரே சாலைதான்: பாம்பன் பாலம். தனுஷ்கோடிக்கு அப்போது முழுச் சாலையும் கிடையாது. தார் ரோடு முகுந்தராயர் சத்திரத்தோடு முடிந்துவிடும். அதற்கப்பால் மணலில் வேன்தான். பிற்பகலில் ஏறக்குறைய 10 நிமிடம் சூரியன் வளையமாக நின்றது.

கிரகணத்துக்கு ஊர் பார்க்கத் தெரியாது. நிலவின் நிழல் பூமியில் ஒரு குறுகிய பட்டையாக ஓடும். அதற்குள் இருப்பவர்களுக்குத்தான் முழுக் காட்சி. 2019 டிசம்பர் 26 வளைய கிரகணத்தில் அந்தப் பட்டையின் அகலம் சுமார் 120 கி.மீ. காசர்கோடு மாவட்டத்துச் செறுவத்தூரில் நுழைந்து ஊட்டி, கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாகக் கடலுக்குப் போனது. சென்னையை அடுத்த ஒரகடம், சேரப்பணஞ்சேரிப் பக்கம் இருந்தவர்களுக்குக் கடித்த அப்பளம் போன்ற சூரியன்தான்.

இந்தப் பட்டைக்குள் விழும் சிற்றூர்கள் திணறுவதற்குக் காரணம் கூட்டத்தின் அளவு மட்டுமல்ல. நம் ஊர்கள் தேரோட்டத்துக்கு இதைவிடப் பெரிய கூட்டத்தைப் பார்த்தவை. ஆனால் திருவிழாக் கூட்டம் பல நாட்களாக வந்து பல நாட்களாகக் கலையும். கிரகணக் கூட்டமோ, வளையம் உடைந்த அடுத்த நிமிடமே மொத்தமாக வண்டியைக் கிளப்பும். போதாக்குறைக்கு, கிரகண நேரத்தில் அடுப்பு மூட்டாத பழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு. வெளியூர்க்காரருக்கு ஒரு டீ கிடைப்பதே சிரமம்.

பீகாரில் பாட்னாவை அடுத்த தாரேக்னா 2009 ஜூலை 22இல் ஒரே நாளில் புகழ்பெற்ற ஊர். முழு கிரகணம் பார்க்க அருமையான இடம் என்று செய்தி பரவ, ஆயிரக்கணக்கானோர் குவிந்தார்கள். முதலமைச்சர் நிதிஷ் குமாரும் வந்தார். மேகம் மூடிவிட்டது! விடிந்த வானம் திடீரென்று இருண்டதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். கிரகண நேரத்தில் நிதிஷ் பிஸ்கட் தின்றதால்தான் மழை பொய்த்தது என்று பின்னர் லாலு பிரசாத் குற்றம் சாட்டியது தனிக் கதை.

அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத்தில் மெட்ராஸ் என்றே ஓர் ஊர் இருக்கிறது. நம் மெட்ராஸ் துணியால் வந்த பெயர் என்பார்கள். 2017இல் அதன் மக்கள்தொகை ஏழாயிரத்துக்கும் குறைவு. அந்த ஆண்டு ஆகஸ்ட் 21 கிரகணத்துக்கு ஒரு லட்சம் பேர் வரக்கூடும் என்று கணக்கிட்டுக் கூடாரத் திடல், கழிப்பறை, தண்ணீர் எல்லாம் முன்கூட்டியே தயார் செய்தார்கள். வந்தவர்களை நன்றாகவே கவனித்தார்கள். திரும்பும்போது சாலைகளில் வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன.

அடுத்த முறை நமக்கு. 2031 மே 21, புதன்கிழமை, வளைய கிரகணம் கேரளத்தைக் கடந்து தேனி, மதுரை, காரைக்குடி வழியாக யாழ்ப்பாணம் போகிறது. பள்ளி விடுமுறை, கத்திரி வெயில், உச்சிப்பொழுதை ஒட்டிய நேரம். ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் தென்மாவட்டத்துக்காரர்களுக்கு ஊருக்குப் போக நல்ல சாக்கு. நிமிடம் வரை முன்பே தெரிந்த கூட்டத்துக்கு நிழற்பந்தலும் குடிநீரும் போடாமல் இருந்தால், அது உள்ளாட்சிகளின் சோம்பல் அன்றி வேறில்லை.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. வளைய கிரகணத்தில் சூரியன் முழுதாக மறைவதே இல்லை. பாதுகாப்புக் கண்ணாடியை ஒரு நொடிகூடக் கழற்றாதீர்கள். திரும்பும் டிக்கெட்டை மறுநாளுக்கு எடுங்கள்.