முப்பது மணி நேரக் கோடு: அமெரிக்காவில் பகுதிநேரத் தொழிலாளர் இழந்த மருத்துவக் காப்புறுதி

தோட்டத்து ஆஸ்பத்திரியை அறியாத வாசகர் நம்மில் குறைவு. டிரெசரின் வெள்ளைச் சட்டையும், புட்டியில் ஊற்றித் தரப்பட்ட கசப்பு மருந்தும் மூத்தவர்களின் நினைவில் இன்றும் இருக்கும். வேலை கொடுப்பவரே வைத்தியத்துக்கும் பொறுப்பு என்ற ஏற்பாட்டை மலாயாவின் பழைய தொழிலாளர் சட்டங்கள் தோட்டங்களில் நிலைநாட்டியிருந்தன. பிற்காலத்தில் அரசாங்க மருத்துவமனைகள் பெருகின. மலேசியக் குடிமக்கள் அவற்றின் வெளிநோயாளர் பிரிவில் ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைக் காண முடிகிறது. வாரத்தில் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறீர் என்று அங்கே எவரும் நம்மைக் கேட்பதில்லை.

செல்வத்தில் முன்னணியில் நிற்கும் அமெரிக்காவிலோ, பல இலட்சம் தொழிலாளர்களின் வைத்தியம் இந்தக் கேள்வியைப் பொறுத்தே அமைந்திருக்கிறது. 2013க்கும் 2015க்கும் இடையில் அந்நாட்டின் மாபெரும் கடை நிறுவனங்கள் சில, பகுதிநேரத் தொழிலாளருக்கு வழங்கிவந்த மருத்துவக் காப்புறுதியை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தின. அது எவ்வாறு நேர்ந்தது, அதனால் யார் என்ன இழந்தனர் என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

முதலில் அமெரிக்கர்களின் வைத்தியம் முதலாளிகளின் கைக்குப் போன வரலாற்றைச் சிறிது காண்போம். 1929 ஆம் ஆண்டில் டெக்சஸ் மாநிலத்து டல்லஸ் நகரில், பேலர் மருத்துவமனை அவ்வூர் ஆசிரியர்களுடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டது. மாதம் 50 காசு செலுத்தும் ஆசிரியர், நோயுற்றால் 21 நாட்கள் வரை மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறலாம். கூட்டாகச் சந்தா செலுத்தும் காப்புறுதிக்கு இதுவே அங்கு முன்மாதிரியாயிற்று. பின்னர் இரண்டாம் உலகப் போர் வந்தது. விலைவாசியை அடக்குவதற்காக 1942இல் அரசாங்கம் சம்பள உயர்வுக்குத் தடை விதித்தது. ஆட்பற்றாக்குறையால் தவித்த நிறுவனங்கள், சம்பளத்தை உயர்த்த இயலாமையால், மருத்துவக் காப்புறுதியைக் காட்டி ஆட்களை இழுத்தன. 1954இல் வந்த வருமான வரிச் சட்டம், முதலாளி செலுத்தும் காப்புறுதிப் பணத்துக்குத் தொழிலாளி வரி கட்ட வேண்டியதில்லை என உறுதி செய்தது. போர்க்காலத்துக்கென்று செய்த ஏற்பாடு இவ்வாறு நாட்டின் நிரந்தர முறையாகி விட்டது. 1965இல் அறுபத்தைந்து வயது கடந்தோருக்கும் ஏழைகளில் ஒரு பகுதியினருக்கும் அரசாங்கமே பொறுப்பேற்றது. மற்றவர்கள் தத்தம் முதலாளியின் மனத்தையே நம்பியிருந்தனர்.

முழுநேர ஊழியருக்குக் காப்புறுதி வழங்கும் நிறுவனங்களும் பகுதிநேர ஊழியரை நீண்ட காலம் பொருட்படுத்தவில்லை. பெரிய கடைகளோ பகுதிநேர ஊழியராலேயே நடைபெறுகின்றன. மாலையிலும் வார இறுதியிலும் கூட்டம் நெரியும். செவ்வாய்க்கிழமை காலையில் கடை வெறிச்சோடிக் கிடக்கும். கூட்டத்துக்கு ஏற்றவாறு ஆட்களைக் கூட்டவும் குறைக்கவும் நிர்வாகம் விரும்புகிறது. இந்த வாரம் 32 மணி நேரம் வேலை, அடுத்த வாரம் 18 மணி நேரம் என்று பட்டியல் ஒட்டப்படும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையேல் பேர் இல்லை என்ற நிலையை அனுபவித்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வேறுபாடு ஒன்றுதான்: மழையை எவரும் திட்டமிட்டுப் பெய்விப்பதில்லை, கடையின் வேலைப் பட்டியலை நிர்வாகி உட்கார்ந்து எழுதுகிறார்.

2010 மார்ச் மாதத்தில் அதிபர் ஒபாமா கையொப்பமிட்ட சுகாதாரச் சட்டம் இந்த முறையைச் சீர்திருத்த வந்தது. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட முழுநேர ஊழியரைக் கொண்ட நிறுவனங்கள் அவர்களுக்குக் காப்புறுதி வழங்க வேண்டும், தவறினால் அபராதம் செலுத்த வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. முழுநேர ஊழியர் யார் என்ற கேள்விக்கு, சராசரியாக வாரம் 30 மணி நேரம் உழைப்பவர் என்று அது விடையளித்தது. அதற்குக் கீழே உழைப்பவருக்குக் காப்புறுதி வழங்காவிட்டால் அபராதமில்லை. நிறுவனங்களுக்கான இவ்விதி 2014இல் நடப்புக்கு வந்திருக்க வேண்டும். ஓராண்டு தள்ளி வைக்கப்பட்டு, 2015இல் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கியது.

ஏழைகளுக்கும் நடுத்தர வருமானத்தினருக்கும் அதே சட்டம் வேறொரு வழியையும் திறந்தது. காப்புறுதியைத் தாமே வாங்கிக்கொள்ள அரசாங்கச் சந்தை ஏற்பட்டது. வருமானத்துக்கு ஏற்ப உதவித்தொகையும் உண்டு. ஆயினும் ஒரு நிபந்தனை இருந்தது. முதலாளி கட்டுப்படியான விலையில் காப்புறுதி தர முன்வந்தால், தொழிலாளி அதை மறுத்துவிட்டு அரசாங்க உதவியைப் பெற முடியாது.

இந்த நிபந்தனையைத்தான் நிறுவனங்கள் தமக்குச் சாதகமாகச் சுட்டிக்காட்டின. ஹோம் டிப்போ நிறுவனம் 2013 செப்டம்பரில், ஏறத்தாழ 20,000 பகுதிநேர ஊழியரின் காப்புறுதியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. டிரேடர் ஜோஸ் மளிகைக் கடைகள் 30 மணி நேரத்துக்குக் குறைந்தவர்களிடம் 500 டாலரைக் கொடுத்துச் சந்தைக்குப் போகச் சொல்லின. 2014 ஜனவரியில் டார்கெட் நிறுவனமும் அவ்வாறே 500 டாலர் தருவதாகக் கூறி, ஏப்ரலிலிருந்து காப்புறுதியை முடித்துக்கொண்டது. 2014 அக்டோபரில் வால்மார்ட்டும் இவ்வரிசையில் சேர்ந்தது. அமெரிக்காவில் மட்டும் பதின்மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோரை வேலைக்கு வைத்திருந்த அந்நிறுவனம், வாரம் 30 மணி நேரத்துக்குக் குறைவாக உழைத்த சுமார் 30,000 பேரின் காப்புறுதி 2015 ஜனவரி முதல் நாளோடு முடிவடையும் என்றது. புதிதாகச் சேர்பவரில் 24 மணி நேரத்துக்குக் குறைந்தவர்களுக்கு அது 2011லேயே கதவை அடைத்திருந்தது. மருத்துவச் செலவு எதிர்பார்த்ததை விட மிகுதியாக ஏறிவிட்டது என்பது நிறுவனம் கூறிய காரணம்.

அரசாங்க உதவியைப் பெறப் பகுதிநேர ஊழியருக்கு இது வாய்ப்பளிக்கும் என்றும் நிறுவனங்கள் கூறின. இதை வெறும் சாக்கு என்று நாம் தள்ளிவிட முடியாது. குறைந்த சம்பளக்காரர் சிலருக்கு அரசாங்கச் சந்தையில் கிடைத்த காப்புறுதி, கடை கொடுத்ததை விட மலிவாகவும் மேலானதாகவும் இருந்தது உண்மையே. கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் ஏழைகளுக்கான அரசாங்க மருத்துவத் திட்டமும் விரிவாக்கப்பட்டிருந்தது. அங்கு வாழ்ந்தவர் இடைவழியில் விழுந்துவிடவில்லை.

டெக்சஸில் வாழ்ந்தவரின் கதை வேறு. ஏழைகளுக்கான திட்டத்தை விரிவாக்குவதும் விடுவதும் அந்தந்த மாநிலத்தின் விருப்பம் என்று 2012 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெக்சஸ், புளோரிடா முதலிய மாநிலங்கள் விரிவாக்க மறுத்தன. சந்தை உதவித்தொகையோ வறுமைக் கோட்டுக்கு மேலே வருமானம் உள்ளவர்க்கே உரியது. அதற்குக் கீழே உள்ளவரை ஏழைகளுக்கான திட்டம் கவனித்துக்கொள்ளும் என்று எண்ணியே சட்டம் எழுதப்பட்டிருந்தது. ஆகவே வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்த டெக்சஸ் தொழிலாளிக்கு இரண்டும் இல்லை. அதிகம் சம்பாதிப்பவருக்கு உதவியும், குறைவாகச் சம்பாதிப்பவருக்கு ஒன்றுமில்லாமையும் என்ற விபரீதம் இதனால் விளைந்தது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2015 ஆம் ஆண்டுக் காப்புறுதிக்கு, தனியாள் ஒருவரின் வறுமைக் கோடு ஆண்டுக்கு 11,670 டாலர். மணிக்கு 9 டாலர் சம்பளத்தில் வாரம் 25 மணி நேரம் ஆண்டு முழுவதும் உழைப்பவருக்கு 11,700 டாலர் கிடைக்கும். கோட்டைத் தாண்டி விட்டார், உதவித்தொகை உண்டு. பட்டியலில் நிர்வாகி ஒரு மணி நேரத்தைக் குறைத்து 24 ஆக்கினால், வருமானம் 11,232 டாலர். உதவித்தொகை இல்லை. சட்டம் அனுமதித்த மிகக் குறைந்த சம்பளமாகிய மணிக்கு 7 டாலர் 25 காசு பெறுபவர் 29 மணி நேரம் உழைத்தும் 10,933 டாலரே காண்பார். முழுநேர ஊழியராகக் கொள்ளப்பட அவருக்கு ஒரு மணி நேரம் குறைகிறது. உதவி பெறவோ 737 டாலர் குறைகிறது. அவருக்குச் சர்க்கரை நோய் இருந்து, கடையின் காப்புறுதியில் மருந்து வாங்கி வந்திருந்தால், 2015 ஜனவரியில் அவர் எங்கே போவது? உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவரை மருத்துவமனை திருப்பி அனுப்பக்கூடாது என்று 1986 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அங்கு உண்டு. ஆனால் அவசரம் தீர்ந்தபின் கட்டணச் சீட்டு வீடு தேடி வரும். நாள்தோறும் வேண்டிய மருந்தை அச்சட்டம் தராது.

தொழிலாளியின் வருமானத்தையும் காப்புறுதியையும் ஒருசேர நிர்ணயித்த அந்த மணிக்கணக்கு அவர் கையில் இல்லை என்பதே இதில் நம்மை மிகவும் வருத்துவது. கோடு 30இல் விழுந்ததும், பல இடங்களில் 29 மணி நேர வேலை பெருகியது. சட்டத்தை மீறினார்கள் என்று எவரையும் குற்றம் சாட்ட முடியாது. கோட்டுக்கு இப்பக்கம் நின்றுகொண்டார்கள், அவ்வளவுதான்.

எல்லா நிறுவனங்களும் ஒரே வழியில் சென்றன என்று சொல்வதும் முறையாகாது. ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடைகள் 1988 முதலே வாரம் 20 மணி நேரம் உழைப்பவருக்குக் காப்புறுதி வழங்கி வருகின்றன. ஆனால் அது நிறுவனத்தின் விருப்பம். விரும்பிக் கொடுத்ததை விரும்பியபோது நிறுத்தவும் முடியும்.

சட்டமாகவே 20 மணி நேரத்தை வைத்த மாநிலம் ஒன்று உண்டு. அது ஹவாய்த் தீவுகள். கரும்புத் தோட்டங்களால் உருவான அம்மாநிலத்தில் ஜப்பான், சீனா, பிலிப்பைன்ஸ், போர்த்துக்கல் நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்க்கு வீடு, விறகு, வைத்தியம் யாவற்றையும் தோட்ட நிர்வாகமே கொடுத்து வந்தது. நமது லயங்களின் கதையைப் படிப்பது போலவே இருக்கும். 1946இல் தீவுகள் முழுவதும் பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர் ஒரே சங்கத்தின் கீழ் வேலைநிறுத்தம் செய்தனர். அதன்பின் அச்சலுகைகள் பணச் சம்பளமாக மாற்றப்பட்டன; வைத்தியமும் சங்கம் பேரம் பேசி ஒப்பந்தத்தில் எழுதி வாங்கும் விஷயமாயிற்று. வலுவான சங்கங்கள் வளர்ந்த அம்மாநிலத்தில், 1974இல் வாரம் 20 மணி நேரம் உழைக்கும் எவருக்கும் முதலாளி காப்புறுதி தரவேண்டும் என்ற சட்டம் பிறந்தது. தொழிலாளியின் சந்தா அவர் சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்றரை பங்கைத் தாண்டக் கூடாது என்றும் அது விதித்தது. மத்தியச் சட்டத்துக்கு முரணானது என்று நீதிமன்றத்தில் அது வீழ்த்தப்பட்டபோது, 1983இல் அமெரிக்க நாடாளுமன்றமே அதற்கு விலக்களித்து உயிர்ப்பித்தது. ஹவாயின் கடைசிக் கரும்பாலை 2016இல் மூடப்பட்டது; சட்டம் நிற்கிறது. அங்கேயும் 19 மணி நேர வேலை கொடுத்துத் தப்பிக்கும் முதலாளிகள் இல்லாமல் இல்லை.

நம் நாட்டில் பகுதிநேரத் தொழிலாளர் யார் என்பதை 2010 ஆம் ஆண்டு விதிமுறைகள் வரையறுத்துள்ளன. முழுநேரத் தொழிலாளியின் வேலை நேரத்தில் நூற்றுக்கு 30 பங்குக்கு மேலும் 70 பங்குக்கு மிகாமலும் உழைப்பவரே அவர். விடுமுறையும் மருத்துவ விடுப்பும் அவருக்கு அளவின்படி உண்டு. சொக்சோ சந்தாவை நேரம் குறைவு என்ற காரணத்தைக் காட்டி முதலாளி விட்டுவிட முடியாது. சொக்சோ எல்லா நோய்க்குமான காப்புறுதி அன்று. வேலையில் நேரும் விபத்து, தொழிலால் வரும் நோய், உழைக்க இயலாமை முதலியவற்றுக்கு அது உதவுகிறது. களை எடுக்கவோ உரம் போடவோ அரைநாள் வேலைக்குச் செல்லும் குடும்பத்தினர் இருப்பின், அவர்களின் சம்பளச் சீட்டில் சொக்சோ கழிவு எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். இல்லையெனில் கிராணியாரிடம் கேட்கலாம். அவர் விடை திருப்தியளிக்காவிடில் சங்கத்தின் தோட்டக் கிளையிலோ, வட்டாரத் தொழிலாளர் இலாகா அலுவலகத்திலோ சீட்டைக் காட்டலாம்.