நாற்றம் நின்றுவிட்டதா? ஓடுங்கள்! தெரியுமா இந்த அதிசயங்கள்?

அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் சாக்கடைக் குழி. மூடியைத் திறந்ததும் மூக்கைப் பொத்த வைத்த நாற்றம், கொஞ்ச நேரத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது. வாயு போய்விட்டது என்றுதானே நினைப்போம்? வாயு ஏறியிருக்கலாம், தெரியுமா! அது ஹைட்ரஜன் சல்பைடு. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு இருந்தால் 1 பிபிஎம். அந்த ஒரு பங்குகூட வேண்டாம், அதற்குள்ளாகவே நாற்றம் தெரிந்துவிடும். ஆனால் 100 பிபிஎம்மைத் தொட்டால் சில நிமிடங்களில் மோப்ப நரம்பு மரத்துவிடுகிறது. 500, 700 என்று ஏறினால் மயக்கம். ஆயிரத்தில் ஓரிரு மூச்சோடு ஆள் சாய்ந்துவிடுவார். முதலில் விழுந்தவரைத் தூக்க இறங்கிய அண்ணனும், அண்ணனைத் தூக்க இறங்கிய தம்பியும் சேர்ந்தே இறந்த செய்திகளை நம் ஊர்ப் பேப்பரில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! மனிதரை இப்படிப் பாதுகாப்பின்றி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆனாலும் செப்டிக் டேங்க் சாவுகள் நிற்கவில்லை.

கிணற்றில் தூர்வார இறங்கும் முன் விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் ஆக்ஸிஜன் குறைவு என்று தெரியும், அதுவரை சரி. அணையாமல் எரிந்தால்? மேலே சொன்ன நச்சுவாயு உள்ளே இருந்தும் விளக்கு எரியும்! மீத்தேன் இருந்தால் விளக்கே வெடிக்குத் திரியாகிவிடும்!

இந்த வேலைக்கென்றே கையடக்கமாக ஒரு மீட்டர் இருக்கிறது. ஆக்ஸிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்ஸைடு, ஹைட்ரஜன் சல்பைடு என நான்கையும் ஒரே நேரத்தில் காட்டும். இதில் முதலில் பார்க்க வேண்டியது எது தெரியுமா? ஆக்ஸிஜன்! ஏனென்றால் எரியும் வாயுவை அறியும் சென்சார், அந்த வாயுவைத் துளியளவு தனக்குள் எரித்துத்தான் கணக்குச் சொல்கிறது. எரிய ஆக்ஸிஜன் இல்லையென்றால், குழி முழுக்க மீத்தேன் இருந்தாலும் மீட்டர் குறைத்துத்தான் காட்டும். சாதாரணக் காற்றில் 20.9 சதவீதம் ஆக்ஸிஜன். 19.5க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது. இன்னொன்று, மீட்டரை வாசலில் நீட்டிப் பார்த்தால் போதாது. மீத்தேன் லேசானது, மேலே தங்கும். ஹைட்ரஜன் சல்பைடு கனமானது, அடியில் படுத்துக் கிடக்கும். மேல், நடு, அடி மூன்றிலும் குழாய் விட்டு உறிஞ்சிப் பார்க்க வேண்டும்.

மீட்டருக்கு முன்னோடி யார் தெரியுமா? ஒரு குருவி! ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1890களில் சொன்ன யோசனைப்படி, பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் கேனரிக் குருவியைக் கூண்டோடு கொண்டுபோனார்கள். மணமே இல்லாத கார்பன் மோனாக்ஸைடு மனிதரைத் தாக்கும் முன் குருவியைச் சாய்த்துவிடும். சில கூண்டுகளின் தலையில் குட்டி ஆக்ஸிஜன் சிலிண்டர்கூட உண்டு! குருவி விழுந்ததும் கதவைச் சாத்தி, வால்வைத் திறந்து, உயிர் பிழைக்க வைப்பார்கள். 1986 வரை இந்தக் குருவிகள் பணியில் இருந்தன என்றால் நம்ப முடிகிறதா!

மூக்கை நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு சாட்சி. போபால் விஷவாயு விபத்தில் கசிந்த மீத்தைல் ஐசோசயனேட்டுக்கு எட்டு மணி நேர வேலைக்கான வரம்பு 0.02 பிபிஎம். மூக்குக்கு அது தெரியவருவது சுமார் 2 பிபிஎம்மில். வாசனை வந்துவிட்டதென்றால் வரம்பை நூறு மடங்கு தாண்டியாயிற்று! அந்தக் கொடுமைக்குப் பிறகுதான் 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, எந்த நஞ்சு காற்றில் எவ்வளவு இருக்கலாம் என்ற பட்டியலையே சேர்த்தார்கள். வேலையிட ஆபத்துகள் பற்றிய விவரத்தைக் கேட்டுப் பெறும் உரிமையையும் தொழிலாளிக்குக் கொடுத்தார்கள்.

தூசிக்கு வாருங்கள். கல் கிரஷரில் கண்ணை மறைக்கும் புழுதியை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் பிடித்துவிடும், சளியாக வெளியே வந்துவிடும். ஆளைக் கொல்வது, கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி. அதிலுள்ள சிலிக்கா நுரையீரலின் கடைசி அறை வரை போய்த் தழும்பாகிறது. அந்தத் தழும்பை எடுக்க மருந்து இல்லை. அமெரிக்காவில் 2016இல் வைத்த வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம். பொடி உப்பில் ஒரே ஒரு கல்லின் எடை!

இவ்வளவு சின்னதை எப்படி அளக்கிறார்கள்? தொழிலாளியின் இடுப்பில் ஒரு பம்ப். அதிலிருந்து ஒரு குழாய் சட்டைக் காலர் வரை. காலரில் கட்டைவிரல் அளவு சைக்ளோன். காற்று அதற்குள் சுழலும்போது பெரிய தூசி அடியில் விழுந்துவிடும், நுண்தூசி மட்டும் மேலேறி வடிதாளில் படியும். தாளை முன்னும் பின்னும் எடை போடுவார்கள். காற்றின் ஈரம் ஏறினாலே எடை மாறிவிடும் என்பதால் ஒரே ஈரப்பதமுள்ள அறையில் வைத்திருந்து எடை போட வேண்டும். அதன்பின் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி, படிந்ததில் சிலிக்கா எவ்வளவு என்று பிரிப்பார்கள். ஏன் காலரில்? மூக்கைச் சுற்றி 30 செ.மீ. தூரத்துக்குள் இருப்பதுதான் அவர் சுவாசிக்கும் காற்று. சுவரில் மாட்டிய கருவி சுத்தம் என்று சொல்லும்போதே, கிரைண்டரைக் குனிந்து பிடித்தவர் பல மடங்கு தூசியை விழுங்கிக்கொண்டிருப்பார். உடம்பிலேயே மாட்டும் பம்ப்பை இங்கிலாந்தின் ஹார்வெல் அணுசக்தி நிலையத்தில் இருவர் உருவாக்கி 1960இல் வெளியிட்டார்கள்.

பஞ்சாலையில் மனித நெஞ்சே ஒரு மீட்டர்! வார விடுமுறை முடிந்து திரும்பும் முதல் நாள்தான் பஞ்சுத்தூசி நெஞ்சை இறுக்கும், அடுத்தடுத்த நாட்களில் இறுக்கம் தளரும். அதனால் அந்த முதல் நாள் ஷிப்டுக்கு முன்னும் பின்னும் கருவியில் ஊதச் சொல்லி மூச்சின் அளவைப் பார்ப்பார்கள்.

அடுத்து சத்தம். அதை அளக்கும் டெசிபல் கணக்கில் 3 ஏறினாலே ஒலியின் ஆற்றல் இரு மடங்கு! அமெரிக்கப் பரிந்துரைப்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், 88இல் நான்கு, 100இல் பதினைந்தே நிமிடம். விசைத்தறிக் குடோன்கள் 90ஐச் சாதாரணமாகத் தாண்டுகின்றன. இந்திய வரம்போ எட்டு மணி நேரத்துக்கு 90. என்னைக் கேட்டால் இது காதுக்குச் செய்யும் அநியாயம்.

எக்ஸ்ரே எடுப்பவரின் சட்டையில் தொங்கும் பேட்ஜைக் கவனித்திருக்கிறீர்களா? உள்ளே மூன்று சிறு வில்லைகள், டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட். மூன்று மாதம் பட்ட கதிர்வீச்சை அப்படியே பிடித்து வைத்திருக்கும். ஆய்வகத்தில் சூடேற்றினால் ஒளிரும்! எவ்வளவு ஒளியோ அவ்வளவு கதிர்வீச்சு. சூட்டில் பழைய கணக்கு அழிந்து, வில்லை மறுபடி புதிதாகிவிடும். நம் பாபா அணு ஆராய்ச்சி மையம் வளர்த்தெடுத்த நுட்பம் இது.

வெயிலுக்கும் தனி மீட்டர் உண்டு. 1950களில் பயிற்சியில் சுருண்டு விழுந்த அமெரிக்க மரைன் படை வீரர்களுக்காகப் பிறந்தது. ஈரத்திரி சுற்றிய தெர்மாமீட்டருக்கு 70 சதவீத மதிப்பு, கறுப்புச் செம்பு உருண்டைக்குள் இருக்கும் தெர்மாமீட்டருக்கு 20, சாதாரணக் காற்றுச் சூட்டுக்கு வெறும் 10! காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. அதனால்தான் ஈரத்திரிக்கு அத்தனை மதிப்பு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் உப்பளம், செங்கல் சூளை, வயல் என்று இந்தக் கருவியோடு போய் அளந்தார்கள். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளை அவர்கள் பின்தொடர்ந்ததில், கடும் சூட்டில் வேலை செய்தவர்களில் 5 சதவீதம் பேருக்குக் கரு கலைந்தது. சூடு குறைந்த இடங்களில் 2 சதவீதம். இவ்வளவு தெரிந்த பிறகும், எத்தனை உப்பளங்களில் அந்தக் கறுப்பு உருண்டையைப் பார்த்திருக்கிறீர்கள்?