பதினைந்தை எங்கே வைப்பது?

கதை சொல்வதும் கணக்குப் போடுவதும் ஒரே மேசையில் நடக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. அதற்குத் திரை தேவையில்லை. கொப்பியும் பென்சிலும் போதும். ஒருவர் கதைசொல்லியாக இருப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். "காற்று எழும்பிவிட்டது, இப்போது என்ன செய்கிறீர்கள்?" என்று கதைசொல்லி கேட்பார். ஒவ்வொருவரும் தமது பாத்திரம் செய்வதைச் சொல்ல, அது கைகூடுமா என்பதை எண்கள் முடிவு செய்யும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இரு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974 இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி. கட்டாரில் வேலை செய்யும் என் நானா, 2014 இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு விதிநூலை விடுமுறையில் கொண்டுவந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு விறாந்தையில் ஐந்து தோழியர் கூடுகிறோம். கதைசொல்லி நானாதான், அவர் போன பிறகு அந்தப் பொறுப்பை என் ராத்தா ஏற்றுக்கொண்டார்.

இந்த விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு திறன்கள் உள்ளன: வலிமை, லாவகம், உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. சாதாரண மனிதருக்குப் பத்து அல்லது பதினொன்று. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதற் கேள்வி, பெரிய எண்ணை எதற்குக் கொடுப்பது என்பதே. அதைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன்.

எங்கள் கதையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அது கிண்ணியாப் பாலம் இல்லாத காலத்தில் நடக்கிறது. 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். இன்று ஐந்து நிமிடத்தில் அதை நடந்தே கடந்துவிடலாம். எங்கள் பாத்திரங்களோ பிரசவ வலியில் துடிக்கும் ஒரு தாயை நள்ளிரவில், காற்றுக்கு நடுவே வள்ளத்தில் ஏற்றி அக்கரை சேர்க்க வேண்டும்.

துடுப்பு வலிப்பவளுக்கு வலிமை தேவை. ஆடும் வள்ளத்திலிருந்து துறைக்குக் கயிறு எறிபவளுக்கு லாவகம் தேவை. நட்சத்திரம் பார்த்துத் திசை சொல்பவளுக்கு அறிவு. கூடவே வரும் மருத்துவிச்சிக்கு விவேகம். தூங்கிக்கொண்டிருக்கும் வள்ளக்காரரை எழுப்பிச் சம்மதிக்க வைப்பவளுக்கு வசீகரம். வசீகரம் என்றால் அழகு என்று எண்ண வேண்டாம். நாம் சொல்வதைப் பிறர் காதுகொடுத்துக் கேட்கும்படி செய்யும் ஆற்றலே அது.

பலர் குழம்புவது அறிவுக்கும் விவேகத்துக்கும் இடையில்தான். எந்த மாதத்தில் எந்தக் காற்று வீசும் என்று படித்து வைத்திருப்பது அறிவு. தாயின் முகத்தைப் பார்த்ததுமே இனித் தாமதிக்கக் கூடாது என்று உணர்வது விவேகம். அதனால்தான் விதிநூலிலும் வைத்தியம் விவேகத்தின் கீழும், வரலாறு அறிவின் கீழும் வருகின்றன.

ஒரு பாத்திரத்தின் தொழிலுக்கு அடிப்படையான திறனே அதன் முதன்மைத் திறன். 1974 இல் மூன்றே தொழில்கள் இருந்தன: போர்வீரனுக்கு வலிமை, மந்திரவாதிக்கு அறிவு, மதகுருவுக்கு விவேகம். அடுத்த ஆண்டு வந்த திருடனுக்கு லாவகம். ஐந்தாம் பதிப்பில் பன்னிரண்டு தொழில்கள் உள்ளன. அவற்றில் ஒன்று நம் சங்கப் பாணரைப் போல ஊர் ஊராகப் பாடித் திரிபவருடையது. அவருக்கு வசீகரம் முதன்மை. எங்களுக்கு மந்திரவாதியும் திருடனும் பொருந்தவில்லை. ஆகவே மந்திரவாதி வானநூல் கற்றவளானாள். திருடன் கயிறு எறிபவளானான். பெயர்கள் மாறினாலும் முதன்மைத் திறன்கள் மாறவில்லை. இதிலிருந்து ஒரு எளிய வழி கிடைக்கிறது. தொழிலின் பெயரைப் பார்க்காமல், அந்தப் பாத்திரம் அடிக்கடி செய்யப்போகும் வேலை என்ன என்று கேளுங்கள். வீச்சுவலை எறிவதைத் தூரத்திலிருந்து பார்ப்பவர் அதைப் பலசாலியின் வேலை என்பார். கிட்ட நின்று பார்த்தால் வலை வட்டமாக விரிவது மணிக்கட்டின் லாவகத்தால் என்பது தெரியும்.

இனி எண்களுக்கு வருவோம். 1974 இல் மூன்று பகடைகளை உருட்டி ஒவ்வொரு திறனுக்கும் எண் பெற்றார்கள். பகடை ஆட்டத்தை நபிமொழிகள் கண்டிப்பதை நாம் அறிவோம். அது எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. நல்லவேளையாக, பகடை இல்லாத முறையொன்றும் விதிநூலில் இருக்கிறது. எல்லாத் திறன்களும் எட்டில் தொடங்கும். கையில் 27 புள்ளிகள் தரப்படும். அவற்றைச் செலவழித்துத்தான் எண்ணை உயர்த்த வேண்டும். 10 க்கு 2 புள்ளி, 12 க்கு 4, 13 க்கு 5, 14 க்கு 7, 15 க்கு 9. பதினைந்துக்கு மேல் வாங்க முடியாது.

மூன்று திறன்களுக்கு 15 வாங்கினால் 27 புள்ளியும் தீர்ந்துவிடும். மற்ற மூன்றும் எட்டிலேயே நிற்கும். 15, 14, 13, 12, 10, 8 என்று படிப்படியாகவும் பிரிக்கலாம். மூன்றுக்கு 13, மூன்றுக்கு 12 என்று சமமாகவும் பரப்பலாம். மூன்றுக்கும் செலவு ஒன்றே. ஆனால் சமமாகப் பரப்பியவள் எல்லா வேலைக்கும் இரண்டாவது ஆளாகவே இருப்பாள்.

செலவழிக்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எண் நேரடியாகப் பயன்படுவதில்லை. அதிலிருந்து பத்தைக் கழித்து இரண்டால் வகுத்து, மிச்சத்தைக் கீழ்நோக்கி விட வேண்டும். அதன்படி 14 க்கும் 15 க்கும் கிடைப்பது ஒரே +2. 12 க்கும் 13 க்கும் ஒரே +1. எட்டுக்கு –1. விதிநூல் பின்னர் தரும் கூடுதல் புள்ளியால் 15 பதினாறாகி +3 பெறும் என்றால் மட்டுமே அந்த மேலதிக இரண்டு புள்ளிகளைச் செலவழிப்பது இலாபம். உடலுறுதியையும் மறக்க வேண்டாம். பன்னிரண்டு தொழில்களில் எதற்கும் அது முதன்மைத் திறன் அல்ல. ஆனால் எவ்வளவு அடி தாங்கலாம் என்பதை அதுவே தீர்மானிப்பதால், எல்லோருக்கும் இரண்டாவது தேவை அதுதான்.

விளையாடும்போது 1 முதல் 20 வரை ஒரு எண் தேவைப்படும். நாங்கள் இருபது காகிதத் துண்டுகளில் எண்களை எழுதி ஒரு பால்மா டின்னில் போட்டிருக்கிறோம். எடுத்த துண்டை மறுபடி உள்ளே போட்டுக் குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் நிகழ்தகவு மாறிவிடும். இதில் பணயம் இல்லை. ஒருத்தி வென்று மற்றவள் தோற்பதும் இல்லை. ஐவரும் சேர்ந்தே கரை சேர வேண்டும்.

சாதாரண தரத்தில் படித்த நிகழ்தகவைக் கொண்டு இப்போது ஒரு கணக்குப் போடலாம். கடினமான ஒரு வேலைக்கு 15 வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். திறன் 15 உள்ளவளுக்கு +2. அவள் 13 அல்லது அதற்கு மேல் எடுத்தால் போதும். இருபது துண்டுகளில் எட்டு அவளுக்குச் சாதகம். திறன் 8 உள்ளவளுக்கு –1. அவள் 16 அல்லது அதற்கு மேல் எடுக்க வேண்டும். அவளுக்குச் சாதகம் ஐந்து. 27 புள்ளியில் வாங்கக்கூடிய மிக உயர்ந்த எண்ணுக்கும் மிகத் தாழ்ந்த எண்ணுக்கும் இடையிலுள்ள தூரம் வெறும் மூன்று துண்டுகள்!

இத்துடன் பயிற்சியும் சேர்கிறது. பழகிய வேலைக்குத் தொடக்கத்தில் +2 கிடைக்கும். அனுபவம் கூடக்கூட அது வளர்ந்து, பதினேழாம் படியில் +6 ஆகும். திறனுக்கோ வழமையான உச்சம் 20; அது தருவது +5. இப்போது இருவரை ஒப்பிடுங்கள். ஒருத்தியின் திறன் 20, ஆனால் அந்த வேலையைப் பழகவில்லை: +5. மற்றவளின் திறன் எட்டுத்தான், ஆனால் பதினேழு படிகள் பழகியிருக்கிறாள்: –1 உடன் +6 சேர, அவளுக்கும் +5. இருவருக்கும் சாதகமான துண்டுகள் பதினொன்று. இதைக் கொப்பியில் எழுதிப் பார்த்த இரவு, நான் இரண்டு முறை சரிபார்த்தேன்.

காரணம், சாதாரண தரப் பெறுபேறு வரும் கிழமையில் எங்கள் ஒழுங்கையில் கேட்கும் பேச்சுகள்தான். "அவளுக்குக் கணக்கு ஓடாது." "இவள் வாய் திறக்கவே மாட்டாள், ஆசிரியையாக எப்படிப் போவாள்?" நான் கலைப்பிரிவில் அளவையியல் படிக்கிறேன். அதை விரும்பித் தேர்ந்தேன் என்று சொன்ன பிறகும், "விஞ்ஞானத்துக்கு ரிசல்ட் காணாமல் போச்சா மகள்?" என்று மாமிமார் கேட்கிறார்கள். இது 1974 ஆம் ஆண்டின் முறை: எண் முதலில் வரும், அந்த எண்ணுக்கு ஏற்ற தொழில் பிறகு ஒட்டப்படும். 27 புள்ளி முறையில் வரிசை தலைகீழ். என்ன செய்யப் போகிறேன் என்பது முதலில். எண்களை அதற்கேற்ப வைப்பது பிறகு.

உண்மை வாழ்வில் எவரும் சரியாக 27 புள்ளிகளைக் கையில் தருவதில்லை. எங்கள் வகுப்பில் ரியூசனுக்கு வசதி உள்ளவர்களும் இருக்கிறார்கள், தம்பி தங்கையைத் தூங்க வைத்த பிறகு கொப்பியை விரிப்பவர்களும் இருக்கிறார்கள். தொடக்க எண்கள் சமமல்ல. பயிற்சிக்கான நேரமும் சமமல்ல. அதனாலேயே ஒரு பிள்ளையின் தொடக்க எண்ணைப் பார்த்து அவளது முடிவைச் சொல்லிவிடுவது கணக்கிலேயே பிழை என்கிறேன்.

எங்கள் ஐவரில் மிகக் குறைவாகக் கதைப்பவள்தான் வள்ளக்காரரிடம் பேசும் பாத்திரத்தைக் கேட்டு வாங்கினாள். முதலில் எடுத்த துண்டு 4. வள்ளக்காரர் கதவைச் சாத்திவிட்டார். அவள் சற்று நேரம் யோசித்துவிட்டு, மூடிய கதவைப் பார்த்துச் சொன்னாள்: "காக்கா, நீங்களும் ஒரு மருத்துவிச்சியின்ட கையிலதானே பிறந்தீங்க?" விறாந்தையில் ஒருவரும் பேசவில்லை. நல்ல வாதத்துக்கு விதிநூல் ஒரு சலுகை தருகிறது: இரண்டு முறை எடுத்துப் பெரியதை வைத்துக்கொள்ளலாம். திறனும் பயிற்சியும் சேர்ந்து அவளுக்கு +4 இருந்ததால் பாதிக்குப் பாதியாக இருந்த வாய்ப்பு, அந்த ஒரு வசனத்தால் நான்கில் மூன்றாக உயர்ந்தது. கதவு திறந்தது.

சகோதரிகளே, நீங்களும் ஒரு பாத்திரத்தை அமைத்துப் பாருங்கள். பதினைந்தை அவள் அதிகம் செய்யும் வேலைக்குக் கொடுங்கள். அடுத்ததை உடலுறுதிக்குக் கொடுங்கள். மீதியைப் பிரித்தபின் எங்கோ ஓர் எட்டு மிஞ்சும். அதை மறைக்க வேண்டாம். அவளுக்குத் தோழி தேவைப்படும் இடம் அது. எங்கள் மருத்துவிச்சியின் வலிமை எட்டு. அதனால்தான் எங்கள் வள்ளத்தில் துடுப்பு வலிக்க இன்னொருத்தி ஏறினாள்.