நோய் வந்தால் மட்டும் பணம் கட்டுவது சரியா?

கடை நடத்துபவர்களுக்கு வைத்தியசாலைச் செலவு எப்போது வரும் என்று தெரியாது. வந்தால், சாமான் கொள்வனவுக்கு வைத்த பணம் கரைந்துவிடும். இந்தச் சுமையை நாட்டு மக்கள் அனைவரும் ஒரே நிதியத்தின் மூலம் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டை இந்தோனேசியா 2014 ஜனவரி 1ஆம் திகதி ஆரம்பித்தது.

அதற்கு முன்னர் அரச ஊழியர், கம்பனி ஊழியர், ஏழைகள் என ஒவ்வொரு பிரிவினருக்கும் தனித்தனித் திட்டங்கள் இருந்தன. 2004, 2011ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் அவற்றை ஒன்றாக்கின. நிதியத்தை நிர்வகிப்பது 'பி.பி.ஜே.எஸ். கெசஹாத்தான்' என்ற பொது நிறுவனம். இது நேரடியாக ஜனாதிபதிக்குப் பொறுப்புக் கூறுகிறது. இலாபம் இதன் நோக்கமல்ல. அங்கத்தவர்களின் பணமும் நிறுவனத்தின் சொந்தச் சொத்தும் வேறு வேறாகவே வைக்கப்பட வேண்டும்.

பணம் மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, சம்பளம் பெறுவோர். நமது ஊழியர் சேமலாப நிதியைப் போல இங்கும் முதலாளியும் ஊழியரும் சேர்ந்தே கட்டுகிறார்கள். சம்பளத்தில் 5 வீதம். முதலாளி 4, ஊழியர் 1. இதில் ஊழியரும் துணையும் மூன்று பிள்ளைகளும் அடங்குவர். இரண்டாவது, ஏழைகள். 2020ஆம் ஆண்டின் ஆணைப்படி அவர்களுக்காக ஆளுக்கு மாதம் 42,000 ரூபியாவை அரசே கட்டுகிறது. மூன்றாவது, வியாபாரிகள் போன்ற சுயதொழில் செய்வோர். அதே ஆணையின்படி, முதலாம் வகுப்புக்கு ஆளுக்கு 150,000, இரண்டாம் வகுப்புக்கு 100,000, மூன்றாம் வகுப்புக்கு 42,000 ரூபியா. மூன்றாம் வகுப்பில் 7,000 ரூபியாவை அரசு பொறுப்பேற்கிறது.

செலவிலும் கட்டுப்பாடு உண்டு. ஆரம்ப சிகிச்சை நிலையங்களுக்கு, பதிவு செய்தவர்களின் எண்ணிக்கைப்படி மாதாந்தம் பணம் போகும். வைத்தியசாலைகளுக்கு நோய் வகைக்கேற்ப முன்கூட்டியே நிர்ணயித்த தொகை. எனவே தேவையற்ற பரிசோதனைகளைக் கூட்டிப் பில்லை உயர்த்த முடியாது.

இருந்தும் ஆரம்ப ஆண்டுகளில் நிதியம் நட்டத்திலேயே ஓடியது. அரசு பணம் போட்டுத் தாங்கியது. கட்டணம் குறைவாக இருந்தது ஒரு காரணம். மற்றொரு காரணம் நம்மைப் போன்றவர்கள். ஊழியரின் பங்கு சம்பளத்திலேயே கழிந்துவிடும். வியாபாரியோ தானாகக் கட்ட வேண்டும். பிரசவம், சத்திரசிகிச்சை என்று வந்தபோது சேர்ந்து, முடிந்ததும் கட்டுவதை நிறுத்தியவர்கள் பலர். சீட்டில் முதல் தொகையை எடுத்துவிட்டு மிகுதித் தவணைகளைக் கட்டாமல் விடுவது போன்றதுதான் இது.

இதனால் விதிகள் இறுகின. நிலுவை வைத்தவரின் அங்கத்துவம் இடைநிறுத்தப்படும். நிலுவையைச் செலுத்தி 45 நாட்களுக்குள் வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்றால், தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் செலவில் 5 வீதம் தண்டம். முன்னர் தாமதத்துக்கு மாதாந்தம் 2 வீதத் தண்டம் இருந்தது. 2015இல் இந்தோனேசிய உலமாக்களின் கூட்டம், இதையும் சுட்டிக்காட்டி, திட்டம் ஷரீஆவுக்கு இணங்கவில்லை எனக் கூறியது. 2016இல் அந்த மாதாந்தத் தண்டம் நீக்கப்பட்டது.

'வருடம் முழுக்கக் கட்டினேன், நோய் வரவில்லை, நட்டம்' என்று சிலர் கணக்குப் பார்ப்பார்கள். அது கடைக் கணக்கு. நாம் சுகமாக இருந்த வருடத்தில் நமது பணம் வேறொருவரின் சிகிச்சைக்குப் போயிருக்கும். நாம் படுக்கும் நாளில் நிதியத்தில் பணம் இருக்க வேண்டுமானால், சுகமாக இருக்கும் நாட்களிலும் கட்டத்தான் வேண்டும்.