நிறம் காட்டும் உயரம்

போர்ட் கிள்ளானுக்கு வரும் கப்பல்களுக்குக் கடலில் விளக்குகள் வழிகாட்டுகின்றன. சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் தரையிறங்கும் விமானங்களுக்கும் விளக்குகளே துணைபுரிகின்றன.

விமானம் பொதுவாக 3 பாகைச் சரிவில் இறங்க வேண்டும். உயரம் தவறினால் விளைவு கொடியது. 1977 செப்டம்பர் 27-ஆம் நாள், சுபாங் விமான நிலையத்தை நெருங்கிய ஜப்பானிய விமானம் ஒன்று, உரிய உயரத்திற்குக் கீழே இறங்கி ரப்பர் தோட்டத்தில் மோதியது. அதில் 34 பேர் மாண்டனர். இருளில் உயரத்தைக் கணிப்பது இன்னும் கடினம். வெளிச்சமற்ற நிலப்பரப்பின்மேல் பறக்கும் விமானிக்கு, தாம் மிக உயரத்தில் இருப்பதாகத் தோன்றக்கூடும்.

இதற்கு உதவுவதே ‘பாப்பி’ எனப்படும் விளக்கமைப்பு. ஓடுபாதையின் ஓரத்தில் நான்கு விளக்குப் பெட்டிகள் வரிசையாகப் பொருத்தப்படுகின்றன. ஒவ்வொன்றின் ஒளியும் மேற்பாதியில் வெள்ளையாகவும் கீழ்ப்பாதியில் சிவப்பாகவும் இருக்கும். பெட்டிகள் சற்றே வெவ்வேறு கோணங்களில் சாய்ந்திருக்கும். எனவே, விமானத்தின் உயரத்திற்கேற்ப விமானி காணும் நிறங்கள் மாறுகின்றன.

இரண்டு வெள்ளையும் இரண்டு சிவப்பும் தெரிந்தால், இறங்கும் சரிவு சரியானது. நான்கும் வெள்ளையாகத் தெரிந்தால், விமானம் மிக உயரத்தில் உள்ளது. நான்கும் சிவப்பாகத் தெரிந்தால், அது ஆபத்தான அளவு தாழ்ந்துவிட்டது.

கடும் மழையும் புகைமூட்டமும் இவ்விளக்குகளை மறைக்கக்கூடும். அவ்வேளையில் விமானி கருவிகளைத் துணைகொண்டு இறங்குவார். ஓடுபாதை உரிய நேரத்தில் தென்படாவிட்டால், தரையிறங்காமல் மீண்டும் மேலெழும்பிவிடுவார்.