குசினிக்குள் இருக்கும் ஆய்வுகூடம்

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போகும் தாய்மார் நாம், பெரும்பாலும் பின்வாங்கில் இருந்துவிட்டு எழும்பி வருகிறோம். கூரை திருத்துவது, விளையாட்டுப் போட்டிக்குக் காசு சேர்ப்பது என்று பேச்சு முடிந்துவிடும். விஞ்ஞான பாடத்தில் பிள்ளை எதையாவது தன் கையால் செய்து பார்த்ததா என்று எவரும் கேட்பதில்லை. கேட்கும்படி நான் சொன்னால், "எட்டாம் வகுப்போட இடம்பெயர்ந்தனாங்கள் ரீச்சர், எனக்கென்ன விஞ்ஞானம் தெரியும்?" என்பார்கள்.

இதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சிறு திரியில் விளக்கெரித்தவர்கள் யார்? திரி எண்ணெயை மேலே இழுப்பதும், கண்ணாடி காற்றை மறித்துச் சுடரைக் காப்பதும் பாடப்புத்தகத்தில் உள்ள விடயங்கள்தாம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவில் றேடியோ கேட்டோமே. காந்தம் சுழல மின் பிறப்பதை அதைவிடத் தெளிவாக எந்த ஆய்வுகூடம் காட்டும்?

இப்போதும் எமது கிணற்றடியில் பாடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள்ளால் வருவது. ஒரு போத்தலில் கிணற்றுத் தண்ணீரும் இன்னொன்றில் மழைத்தண்ணீரும் எடுத்து, ஒரே அளவு சவர்க்காரம் போட்டுக் குலுக்கச் சொல்லுங்கள். எதில் நுரை அதிகம் என்று பிள்ளையே சொல்லும். கேத்திலின் அடியில் படிந்த வெள்ளைக் கட்டியில் தேசிக்காய்ப் புளி விட்டால் குமிழி வரும், அது காபனீரொட்சைட்டு. செவ்வரத்தம்பூவைச் சுடுதண்ணீரில் ஊறவிட்டால், அந்தச் சாறு புளியில் சிவக்கும், சுண்ணாம்புத் தண்ணீரில் பச்சையாகும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இது விளையாட்டுக் காரியம் என்று நினைக்க வேண்டாம். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது. எண்ணெயாவது கண்ணுக்குத் தெரியும். தோட்டங்களுக்குப் போடும் பசளையிலிருந்து கிணற்றில் சேரும் நைத்திரேற்று கண்ணுக்கும் தெரியாது, நாவுக்கும் தெரியாது, பரிசோதித்தால்தான் தெரியும். தான் குடிக்கும் தண்ணீரைப் பற்றிக் கேள்வி கேட்க ஒரு பிள்ளை எங்கே பழகப்போகிறது?

"சோதனைக்கு இது வருமோ?" என்று கேட்கும் பெற்றாரும் உண்டு. இந்தியாவின் ஹோசங்காபாத் மாவட்டத்தில், 1972இல் 16 பாடசாலைகளில், மலிவான பொருட்களைக் கொண்டு பிள்ளைகளே செய்து கற்கும் திட்டம் தொடங்கியது. முப்பது வருடம் நடந்து, பல மாவட்டங்களுக்கும் பரவியது. பரீட்சைப் பெறுபேறு குறைகிறது என்ற பேச்சு எழுந்து, 2002இல் அரசு அதை நிறுத்திவிட்டது. எமது ஊரிலோ தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தை விஞ்ஞான ஆசிரியர்களே கூடி உருவாக்கினார்கள். பெயரே வெளிக்களம்! இன்று பெற்றார் பலருக்கு அது மாதிரி வினாத்தாளாக மட்டுமே தெரியும்.

ரியூசனுக்குக் கட்டும் காசைக் குறையுங்கள் என்று நான் சொல்லவில்லை; அது வேறு கதை. அடுத்த கூட்டத்தில் இதைக் கேளுங்கள்: ஆய்வுகூட அலுமாரியின் திறப்பு யாரிடம் இருக்கிறது? இந்தத் தவணையில் அது எத்தனை தரம் திறக்கப்பட்டது? வெற்றுப் போத்தல், பழைய சைக்கிள் டைனமோ, கறள் பிடித்த ஆணி என்று வீட்டில் இருப்பதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். கைம்பெண் என்று கூச்சப்பட்டு ஒதுங்க வேண்டாம். ஒரு பாடவேளை வகுப்பில் நின்று உதவ அதிபரிடம் அனுமதி கேளுங்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பரிசோதனைக்கு என்று சொல்லி, பற்றைக் காணியிலும் கைவிடப்பட்ட வளவிலும் கிடக்கும் இரும்புத் துண்டு, குழாய், பற்றரி எதையும் பிள்ளை தொடக்கூடாது. கண்டால் அந்த இடத்திலேயே விட்டுவிட்டு, வந்த வழியால் திரும்பி வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். அமிலப் போத்தலை ஆசிரியர் மட்டுமே திறக்கட்டும்.